முன்முடி வெட்டுவதற்கு முன்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஃப்ரிஞ்ச் பற்றித்தான். அதனால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முன்னால் இருக்கிற முடியை மட்டும் நெற்றியில் விழுகிற மாதிரி குட்டையாக வெட்டிக்கொள்வதுதான் ஃப்ரிஞ்ச். சிலர் பேங்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், பார்லரில் எதைச் சொன்னாலும் புரியும்.

கேள்வி: எனக்கு 27 வயது. ஏறுநெற்றி. பள்ளியில் படிக்கும்போதே ‘கிரவுண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முடி நேராக இருக்கும், இடுப்பு வரை இருக்கிறது, அடர்த்தி சுமார். ஒரு வருடமாக ஃப்ரிஞ்ச் வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முகம் வட்டம், வட்ட முகத்துக்கு ஒத்துவராது என்கிறார்கள். தோழி வெட்டு என்கிறாள், அம்மா கூடவே கூடாது என்கிறார். வங்கியில் வேலை, ஸ்கூட்டியில் போய் வருகிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, சென்னை

பதில்: வட்ட முகம், நீள முகம் என்கிற அட்டவணையை முதலில் ஓரமாக வையுங்கள். எந்த மாதிரி வெட்டுவது என்று முடிவு செய்யத்தான் அது உதவும், வெட்டலாமா வேண்டாமா என்பதற்கு உதவாது. வட்ட முகத்தில் புருவத்துக்கு மேல் கோடு இழுத்த மாதிரி அடர்த்தியாக வெட்டினால் முகம் இன்னும் குட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். நடுவில் குட்டையாக ஆரம்பித்து இரண்டு பக்கமும் கன்ன எலும்பு வரை சரிந்து இறங்குகிற மாதிரி வெட்டச் சொன்னால் அந்தக் கவலையும் இல்லை, கர்ட்டன் பேங்ஸ் என்று கேளுங்கள். வெட்டிவிட்டு வந்து வருத்தப்படுகிறவர்களில் முகத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முடி சொன்னபடி நிற்கவில்லை, வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கொள்கிறது, காலையில் இதோடு மல்லுக்கட்ட முடியவில்லை, புலம்பல் எல்லாம் இப்படித்தான் இருக்கும். ஆகவே கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முடியைப் பாருங்கள்.

ஏறுநெற்றிக்காக முன்முடி வெட்டுவது புதுசும் இல்லை. இந்தி நடிகை சாதனாவுக்கு அகலமான நெற்றி. 1960ல் வந்த ஒரு படத்துக்காக, ஹாலிவுட்டில் ஆட்ரி ஹெப்பர்ன் வைத்திருந்த மாதிரி அவருக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். அப்புறம் அதற்கு ‘சாதனா கட்’ என்று பெயரே வந்து, நாடு முழுக்கப் பெண்கள் கேட்டு வெட்டிக்கொண்டார்கள். உங்கள் பாட்டி தலைமுறை ஆல்பங்களைப் புரட்டினால் ஒன்றிரண்டு கிடைக்கும். நெற்றியை மறைக்கிற வேலையை ஃப்ரிஞ்ச் ஒழுங்காகச் செய்யும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கிரவுண்ட் என்று கூப்பிட்டவர்களுக்காக வெட்டாதீர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் அவரவர் கிரவுண்ட் வந்திருக்கும்.

இப்போது முடி. ஒரு விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல், சீப்பு போடாமல், முன்னால் இருக்கிற முடியைத் தானாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு நெற்றி ஓரத்தில் முடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். உச்சியில் இருக்கிற மாதிரி நெற்றி ஓரத்திலும் சிலருக்குச் சுழி இருக்கும். நீள முடியாக இருக்கும்வரை முடியின் கனமே அதை அமுக்கி வைத்திருப்பதால் நமக்குத் தெரியாது. குட்டையாக வெட்டியதும் கனம் போய்விடும், சுழி இருக்கிற இடத்தில் ஃப்ரிஞ்ச் இரண்டாகப் பிரிந்துகொண்டு வாய் திறந்த மாதிரி நிற்கும். சுழி இருந்தால் வெட்டவே கூடாது என்றில்லை. குளித்து வந்தவுடன், முடி ஈரமாக இருக்கும்போதே, ட்ரையரின் வாயை மேலிருந்து கீழே பார்க்க வைத்து, முடியை ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம் என்று நெற்றியோடு ஒட்டி மாற்றி மாற்றிச் சீவிக் காயவைத்தால் அடங்கும். தினமும் இதைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. பாதி காய்ந்த பிறகு ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது.

அடுத்து உங்கள் ஊர். முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விட்டுப்போகும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும், காய்கிறபோது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே நிற்கும். ட்ரையர் வைத்து வளைக்க முடிவது இதனால்தான், வளைத்துவிட்டது கடற்காற்றிலும் வியர்வையிலும் குலைந்துபோவதும் இதனால்தான். கோயம்புத்தூரில் சாயங்காலம் வரை நிற்கிற ஃப்ரிஞ்ச் சென்னையில் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் படுத்துவிடும். உங்களுக்கு ஹெல்மெட் வேறு இருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டும்போது ஃப்ரிஞ்சைப் பின்னால் தள்ளி ஒரு அகலமான கிளிப் போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் இறங்கிய பிறகு உள்ளங்கையளவு தண்ணீர் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம். முன்னால் விட்டபடியே மாட்டினால் கழற்றும்போது நெற்றியில் ஒட்டிய நான்கைந்து கீற்றுகள்தான் மிச்சம் இருக்கும்.

எண்ணெய் வைக்கிற பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. தினமும் தேங்காய் எண்ணெய் தடவி வாரினால்தான் திருப்தி என்றால் ஃப்ரிஞ்ச் வேண்டாம். தலையில் வைக்கிற எண்ணெய் முன்முடி வழியாக நெற்றிக்கு இறங்கி, வியர்வையோடு சேர்ந்து நாள் முழுக்க அங்கேயே இருந்தால் நெற்றி ஓரமாகப் பொடிப் பொடியாகப் பரு வரும். பொடுகு இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். எண்ணெய் வைக்காதவர்களுக்கும் ஃப்ரிஞ்ச் மட்டும் மற்ற முடியைவிடச் சீக்கிரம் பிசுபிசுக்கும், ஏனென்றால் அது நெற்றித் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்காகத் தினமும் தலைக்கு ஊற்ற வேண்டாம். மற்ற முடியைக் கட்டிவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து முன்முடிக்கு மட்டும் ஒரு பட்டாணியளவு ஷாம்பு போட்டு அலசினால் போதும், இடுப்பு வரை முடி வைத்திருக்கிற உங்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று செய்து பார்த்தால் தெரியும்.

இதெல்லாம் முடியும் என்று தோன்றினால் வெட்டாமலே ஒரு ஒத்திகை பாருங்கள். முடியை உச்சியில் உயரமாகக் குதிரைவால் போட்டு, வாலின் நுனியை முன்பக்கமாக மடித்துப் புருவம் வரை தொங்கவிட்டு, மடிப்பை இரண்டு ஹேர்பின்னால் குத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்த்தால் உடனே சிரிப்பு வரும், பரவாயில்லை, அப்படியே வீட்டில் கொஞ்ச நேரம் சமையல் வேலை பாருங்கள். நெற்றியில் முடி படுவது சிலருக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது, கை தானாக ஒதுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் அந்த ரகமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஃபேன்ஸி ஸ்டோரில் கிளிப் வைத்த ஃப்ரிஞ்ச் கிடைக்கிறது, அதையும் சில நாள் மாட்டிப் பார்க்கலாம், செயற்கை முடி என்றால் அயர்ன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், உங்கள் அடர்த்திக்கும் ஸ்கூட்டிக்கும் கர்ட்டன் பேங்ஸ் பொருந்தும், நேர்க்கோட்டு ஃப்ரிஞ்ச் பொருந்தாது. நேர்க்கோடு நன்றாகத் தெரிய நிறைய முடியை முன்னால் எடுக்க வேண்டும், சுமாரான அடர்த்தியில் அப்படி எடுத்தால் பின்னல் மெலிந்துவிடும். வெட்டுகிறவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். அகலம் இரண்டு புருவங்களின் வெளி நுனியைத் தாண்டக் கூடாது. முடியைக் காயவைத்து, எப்போதும் நீங்கள் விடுகிற மாதிரி விட்டு வெட்ட வேண்டும், ஏனென்றால் ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். முதல் தடவை மூக்கு நுனி அளவுக்கு விட்டு, பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். இன்னொன்று, கத்திரி வெயில் முடியும்வரை கத்திரியைத் தொடவே வேண்டாம், மார்கழி தை பக்கம் வெட்டினால் வியர்வை குறைவாக இருக்கும்போதே பழகிக்கொள்ளலாம். அம்மாவிடம், பின்னால் இருக்கிற நீளத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையாது என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசி அம்மாக்களுக்கு பயமே அதுதான்.

கேள்வி: மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு ஃப்ரிஞ்ச் வைத்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. முகூர்த்தத்துக்கு ஜடை தைத்து, நெற்றிச்சுட்டி வைத்து முழு அலங்காரம். இப்போதே வெட்டினால் அதற்குள் பழகிவிடும் அல்லவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வெட்டாதீர்கள். நெற்றிச்சுட்டி நடுவகிட்டில் படிந்து நெற்றி நடுவில் இறங்க வேண்டும், வகிட்டின் இரண்டு பக்கமும் சூரியப்பிரபை சந்திரப்பிரபை உட்கார வேண்டும். இதற்கெல்லாம் முன்முடி இழுத்து வாரிப் படிய இருந்தால்தான் பின் பிடிக்கும். குட்டை முடியை ஜெல் போட்டு ஒட்டிப் பின்னால் தள்ளிவிடலாம் என்று மேக்கப் போடுகிறவர் சொல்வார், தள்ளவும் செய்வார். ஆனால் ஹோமப் புகையிலும் சூட்டிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அது ஒவ்வொன்றாகக் கிளம்பி நெற்றிச்சுட்டிக்கு அடியில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், தாலி கட்டுகிற படத்தில் அதுதான் முதலில் தெரியும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். இன்றைக்குப் புருவம் வரை வெட்டினால் மூன்று மாதத்தில் மூக்கு அளவுக்கு வந்திருக்கும், முன்னால் விட்டால் கண்ணைக் குத்தும், பின்னால் வாரினால் எட்டாது, இருப்பதிலேயே மோசமான நீளம் அது. ரிசப்ஷன் ஒரு ராத்திரி சமாச்சாரம். உங்கள் முடி நிறத்துக்குப் பார்த்து நிஜ முடியில் செய்த கிளிப் ஃப்ரிஞ்ச் ஒன்று வாங்கி, மேக்கப் ட்ரையல் அன்றைக்கே மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஆசை அப்படியே இருந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்புவதற்கு முன்னால் நிஜமாகவே வெட்டிக்கொள்ளுங்கள், அந்தக் குளிரில் அது நன்றாக நிற்கும்.

கேள்வி: எனக்குச் சுருட்டை முடி. சுருட்டைக்கு ஃப்ரிஞ்ச் வராது, முன்னால் மட்டும் ஸ்மூத்தனிங் செய்துவிட்டு வெட்டலாம் என்று பார்லரில் சொன்னார்கள். செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: சுருட்டைக்கு ஃப்ரிஞ்ச் வராது என்று சொன்னவருக்குச் சுருட்டை வெட்டத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். நேர் முடியில் நெற்றி ஓரத்துச் சின்னப் பிசகுகூடத் தெரியும், சுருட்டையில் தெரியாது, தினமும் ட்ரையர் பிடிக்கிற வேலையும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, காய்ந்த முடியில், சுருள் சுருளாகப் பிரித்து வெட்ட வேண்டும். ஈரத்தில் இழுத்துப் பிடித்துப் புருவத்துக்கு நேராக வெட்டினால் காய்ந்ததும் சுருண்டு நடு நெற்றிக்கு ஏறி உட்கார்ந்துவிடும். கன்ன எலும்பு வரை நீளம் வைத்து ஆரம்பியுங்கள், அப்போதே அது மேலே வந்து புருவத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். வெட்டிய பிறகு சீப்பு வேண்டாம், ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் கர்ல் க்ரீம் தொட்டு விரலால் சுருட்டிவிட்டால் போதும்.

முன்னால் மட்டும் ஸ்மூத்தனிங் என்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத யோசனை. ஒரு மாதம் ஆனதும் வேரில் சுருட்டை முளைத்து வரும், நுனி நேராகத் தொங்கும். அதைச் சரிசெய்ய மறுபடி மருந்து, மறுபடி அயர்ன். இந்த வகை மருந்துகள் சிலவற்றைச் சூடு பண்ணும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அதை முகத்துக்கு நேராக, கண்ணுக்கு நான்கு விரல் மேலே வைத்துச் செய்துகொள்ள அவசியம் என்ன? வேறு பார்லர் பாருங்கள். உள்ளே போனதும் ‘சுருட்டையைக் காயவைத்து வெட்டுவீர்களா’ என்று கேளுங்கள், முழித்தால் ஐப்ரோ மட்டும் செய்துகொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து மாதம். நெற்றியின் இரண்டு மூலையிலும் முடி கொத்துக் கொத்தாகப் போய்விட்டது. மறைக்க ஃப்ரிஞ்ச் வெட்டிக்கொள்ளட்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. கர்ப்பமாக இருக்கும்போது உதிராமல் நின்ற முடி, பிரசவமாகி மூன்று மாதம் போல ஆனதும் மொத்தமாக உதிர ஆரம்பிக்கும். பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பழையபடி வந்துவிடும். வெளிச்சத்தில் நின்று நெற்றி ஓரத்தை உற்றுப் பாருங்கள், பூனை முடி மாதிரி குட்டி குட்டியாக முளைத்து விறைத்து நிற்கிறதா? அது புது முடி. இந்த நேரத்தில் முன்முடி வெட்டினால், மூலைகளை மறைக்க உச்சியிலிருந்து நிறைய இழுக்க வேண்டிவரும், ஏற்கெனவே மெலிந்திருக்கிற உச்சி இன்னும் தெரியும். நடுவகிட்டை விட்டுக் கோணவகிடு எடுத்துத் தளர்வாகப் பின்னுங்கள், இப்போதைக்கு அதுவே பாதி மறைத்துவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரவுண்ட் பிரஷும் ட்ரையருமாக நிற்க உங்களுக்கு நேரமும் இருக்காது.

ஒரு வருடம் தாண்டியும் மூலைகள் நிரம்பவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள், இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார். இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதிலிருந்தே எண்ணெய் போட்டு இழுத்து, கண் மேலே போகிற அளவுக்கு இறுக்கிப் பின்னிய ரெட்டை ஜடை, அப்புறம் வேலைக்குப் போகிறபோது இறுக்கிய குதிரைவால் என்று வருடக்கணக்கில் வேரை இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றி ஓரத்து முடி பின்வாங்கிவிடும். ட்ராக்ஷன் அலோபீஷியா என்பார்கள். ஆரம்பத்தில் இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்பி வரும், ரொம்ப நாள் விட்டால் வராது. பெண் குழந்தை பிறந்திருந்தால் பின்னிவிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், ஹாஸ்டலில் இருக்கிறேன். கொரியன் ஸ்டைலில் முன்னால் முடி விட ஆசை. அப்பா, நெற்றியில் முடி விழுந்தால் மூதேவி என்கிறார். கண் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: கண் கெடாது தம்பி. நுனி கண்ணுக்குள் படும் அளவுக்கு விட்டால் உறுத்தும், தண்ணீர் வரும், அதற்குப் புருவத்தோடு நிறுத்தினால் போதும். மூதேவி விஷயத்தில் உங்கள் அப்பாவோடு நான் சண்டைக்கு வர முடியாது, ஆனால் நாள் முழுக்கப் பிசுபிசுத்த முடியோடு திரிந்தால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் வந்துவிடும். பக்கவாட்டில் குட்டையாக எடுத்து மேலே நீளம் விடுகிற அந்த வெட்டுக்கு, மேல்முடி புருவம் வரை வளர்ந்திருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. இரண்டு அங்குலம்தான் என்றால் இரண்டு மாதமாவது கத்திரி வைக்காமல் காத்திருங்கள். ஊருக்குப் போகும்போது ஜெல் வைத்து ஏற்றி வாரிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள், வருடத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சி இருக்கும். ஃப்ரிஞ்ச் வேண்டும் என்று அடம். வெட்டிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தலைசாமான் கட்டுகிற பிள்ளைக்கு முன்முடி இடைஞ்சல்தான், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பின்னும் ஸ்ப்ரேயுமாக நீங்கள்தான் அல்லாட வேண்டும். நாட்டிய டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பள்ளியில் அனுமதி உண்டா என்றும் பார்த்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சி ஆறு மாதத்துக்கு மேல் தள்ளி இருந்தால் முழு ஆண்டு விடுமுறையில் மெல்லிசாக, கொஞ்சமாக வெட்டிவிடுங்கள். வெயிலில் அவளே இரண்டு வாரத்தில் கிளிப் கேட்பாள்.

கேள்வி: ராத்திரி ஒரு மணிக்கு வீடியோ பார்த்துக்கொண்டே சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். ஒரு பக்கம் புருவத்துக்கு மேல் ஒரு அங்குலம் ஏறிவிட்டது, இன்னொரு பக்கம் சரியாக இருக்கிறது. நாளை மறுநாள் ஆபீஸ் போக வேண்டும். ப்ளீஸ், ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, ஓசூர்

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் நீங்கள் ஆபீஸ் போய்வந்திருப்பீர்கள், இருந்தாலும் உங்களை மாதிரி இன்னும் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன். முதலில் அந்தச் சரியாக இருக்கிற பக்கத்தைக் குட்டையான பக்கத்துக்குச் சமமாக்கப் போகாதீர்கள். அதைக் குறைத்து, அப்புறம் இதைக் குறைத்து என்று போனால் கடைசியில் நெற்றியில் பிரஷ்தான் மிஞ்சும். இப்போது நீளமாக இருக்கிற பக்கம்தான் உங்கள் சொத்து. கோணவகிடு எடுத்து, நீளமான பக்கத்து முடியைக் குட்டையான பக்கத்தின் மேல் சரித்து விட்டு, காதுக்கு மேலே ஒரு கிளிப் போடுங்கள். அப்புறம் ஒரு பார்லருக்குப் போய், குட்டையாக்கச் சொல்லாமல், கோடு மட்டும் உடைகிற மாதிரி கத்திரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியில் மட்டும் கொத்திவிடச் சொல்லுங்கள். வெட்டுக் கோடு மழுங்கினாலே ஏற்றத்தாழ்வு பாதி மறைந்துவிடும். சமையலறைக் கத்தரிக்கோல் முடியை நறுக்காமல் நசுக்கி இழுக்கும், நுனி பிளந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடுவார்கள்.

குட்டைப் பக்கம் புருவத்தை எட்ட இரண்டு மாதம். முழுசாக வளர்த்துக் காதுக்குப் பின்னால் செருக ஆறு மாதத்துக்குக் குறையாது, தாடை வரை வர ஒரு வருடத்தை ஒட்டிப் போகும். நடுவில் வருகிற அந்த மூக்கு நீளத்தில் முன்முடியை ஓரமாகத் தளர்வாக முறுக்கியோ பின்னியோ பின்னால் கொண்டுபோய்க் குத்திக்கொள்ளலாம், இறுக்கி இழுக்க வேண்டாம். அதைப் பார்த்து அலுவலகத்தில் யாராவது நன்றாக இருக்கிறது, எங்கே வெட்டினாய் என்று கேட்டால் வேறு ஊர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.